ஊதா நீரும் பிரேசர் டவுனும்

கிருமியைக் கொல்லும் மருந்து கையிலிருந்தால் நோயைத் தடுத்துவிடலாம் என்பது பலரின் எண்ணம். அக்கிருமி எவ்வழியே உடலிற் புகுகின்றது என்பதை அறியாவிடின் அம்மருந்தினால் விளையும் பயன் சிறிதே. இவ்வுண்மையை விளக்க இரண்டு சான்றுகள் உள. ஒன்று, வழக்கொழிந்துபோன ஒரு வாய் கொப்பளிக்கும் நீர். மற்றொன்று, பெங்களூரிலுள்ள பிரேசர் டவுன்.

1659ஆம் ஆண்டில் கிளாபர் என்னும் இரசாயன அறிஞர் மாங்கனீசுத் தாதுவைச் சாம்பலுப்புடன் உருக்கி நீரிற் கரைத்தார். முதலில் பச்சையாயிருந்த அக்கரைசல் மெல்ல ஊதா நிறமடைந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், இலண்டனைச் சேர்ந்த ஹென்றி காண்டி இவ்வகை உப்பின் கரைசலைக் கிருமிநாசினியாக விற்பனைக்குக் கொணர்ந்தார். ‘காண்டி நீர்’ எனப்பட்ட இது தொண்டைப் புண்ணுக்கும் வாய் நாற்றத்திற்கும் கொப்பளிக்கும் மருந்தாகப் பரவியது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்களும் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயின.

பெர்மாங்கனேட் தன்னிடமுள்ள பிராணவாயுவைத் தந்து கிருமிகளை அழிக்கின்றது. ஆனால் அது கிருமிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. உமிழ்நீர், உணவுத் துணுக்கு முதலியவற்றுடனும் சேர்ந்து விரைவில் வலுவிழந்து, பழுப்புநிறப் பொருளாக மாறிவிடும். நீர் செறிவாக இருந்தால் வாயின் மென்தோல் வெந்துபோகும். நீர்த்திருந்தால் பயன் குறையும். பற்களிலும் கறை படியும். இக்காரணங்களால் வாய் மருந்து என்ற நிலையிலிருந்து அது விலகியது. தோல் நோய்களுக்கு மட்டும், 10,000 பங்கு நீருக்கு 1 பங்கு என்ற அளவில் இன்றும் பயன்படுகின்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வெளிறிய இளஞ்சிவப்புக் கரைசலை நிரப்பி, ஒன்றில் மட்டும் சில துளி எலுமிச்சைச் சாறு விடுக. அக்குவளையில் நிறம் மறையும். மருந்து செலவாகிவிட்டது என்பது அதன் பொருள். படிகங்களை மாணவர் கையிற் கொடுத்தலாகாது.

இந்தியாவில் இம்மருந்துக்கு வேறொரு பணியும் இருந்தது. 1890களில் ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர், காலராவைத் தடுக்கக் கிணறுகளிற் பெர்மாங்கனேட் இடும் முறையைப் பரப்பினார். காலராக் கிருமி குடிநீர் வழியே வாய்க்குள் புகுவது. ஆகவே மருந்து, குறைகள் உடையதாயினும், நோய் வரும் பாதையிலேயே நின்றது.

பிளேக்கு நோயின் நிலை வேறு. அது 1896இல் பம்பாயிலும் 1898இல் பெங்களூரிலும் தோன்றியது. அதன் கிருமியை யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டிருந்தார். அது பரவும் வழியோ தெளிவாகவில்லை. எனவே சுவரும் தரையும் கிருமிநாசினியால் கழுவப்பட்டன. மக்கள் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டனர். நோயோ தணியவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றதென 1898இல் கராச்சியில் ஆராய்ந்த சீமோன் கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1905இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட பிளேக்கு ஆராய்ச்சிக் குழுவே அதனை ஐயமற நிறுவியது. தெள்ளுப்பூச்சி தோலைக் கடித்துக் கிருமியைச் செலுத்துகையில், கொப்பளிக்கும் நீர் என்ன செய்ய இயலும்?

எலி தங்கவியலாத வீடு எது என்பதே அடுத்த வினாவாயிற்று. பெங்களூர்க் கண்டோன்மெண்டின் நெருக்கத்தைக் குறைக்க, இந்நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உருவான பிரேசர் டவுன் இதற்கு விடையாக எழுந்தது. மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பெங்களூரில் பிளேக்கு அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். மண் தரையில் எலி வளை தோண்டும். உறுதியான தரையில் இயலாது. இருண்ட மூலையும் சிந்திய தானியமும் எலியை அழைக்கும்; வெளிச்சமும் துப்புரவும் விரட்டும்.

பிளேக்கு இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணமாகக்கூடியது; எனினும் பாடம் பழையதாகவில்லை. சிற்றூரில் ஒரு நோய் தோன்றினால் களப்பணியாளர் முதலில் கேட்க வேண்டிய வினா, “எந்த மருந்தைத் தெளிப்பது?” என்பதன்று; “நோய் எவ்வழியே வருகின்றது?” என்பதே. வழி தெரிந்தபின் இடும் சிறிதளவு மருந்தும் பயன் தரும். வழி தெரியாமல் இடும் மருந்து எவ்வளவாயினும் வெறும் மனஆறுதலாகவே முடியும்.