சொல்லியாச்சு, கேட்டாச்சா?

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வட எல்லையில் தெலுங்கு வெளியூர் மொழி அல்ல. மேற்கே திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும், கோடு நகர்ந்ததே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பல குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கின்றன. சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே, வாய் திறந்து ஒன்றைத் தெரிவிப்பதற்கு இந்த ஊரில் ‘சொல்லு’ உண்டு, ‘செப்பு’ உண்டு, ‘போலோ’ உண்டு. தொல்காப்பியர் காலத்துத் தமிழில் இயல்பாகப் புழங்கிய ‘செப்பு’ நம் வாயில் இன்று செய்யுளோடு நின்றுவிட்டது. ஆரம்பாக்கத்துக்கு அப்பால் அது பால் வாங்கப் போகிறவரின் அன்றாடச் சொல்.

மொழிக்கு ஒரு சொல் இருப்பதில் பெரிய தொல்லை எதுவும் இல்லை. நாலு நாளில் பழகிவிடும். ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருப்பதுதான் தொல்லை. ‘சூப்பர்வைசர் பேசினார்’ என்று நம்மூர்க்காரர் சொன்னால் உரையாடினார் என்று கொள்ளலாம். அதே வாக்கியத்தை யாழ்ப்பாணத் தமிழில் வளர்ந்தவர் கேட்டால், திட்டினார் என்றே எடுத்துக்கொள்வார். சாதாரணமாகப் பேசுவதற்கு அவர்கள் ‘கதைக்கிறது’ என்பார்கள். நம் பக்கத்திலும் ‘பேச்சு வாங்கினான்’ என்றால் திட்டுத்தானே? கூலி பேசினால் பேரம், பெண் பேசினால் சம்பந்தம். ‘சொல்’லும் அப்படியே. சொல்லிக்கொடுத்தால் கற்பித்தல், சொல்லி அனுப்பினால் வரவழைத்தல், சொல்லிக்காட்டினால் குத்தல், சொல்லிக்கொண்டு போனால் விடைபெறுதல். ஆங்கிலமும் விலக்கல்ல. அறிவிப்பதற்கு அவர்கள் சொல்லும் ‘டெல்’ என்ற வினைக்கு எண்ணுவது என்றும் பழைய பொருள் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அதன் எச்சம். அந்த ஒரு வினைதான் கதை சொல்வதற்கும் கட்டளையிடுவதற்கும் வேறுபாடு கண்டறிவதற்கும் உதவுகிறது.

இத்தனை பொருள்களில் எது என்று எப்படித் தெரிகிறது? யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை வைத்துத்தான். தமிழ் இலக்கணம் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டது. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே காரியத்தைக் குறிப்பவை. ஆனால் தாழ்ந்த நிலையில் இருப்பவர் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் கேட்பதே முறை என்று தொல்காப்பியம் வகுத்தது. நன்னூலும் அதை வழிமொழிந்தது. அந்தப் படிநிலையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லின் பொருள் அகராதியில் முடிந்துவிடுவதில்லை, பேசுகிற இருவருக்கு இடையிலுள்ள உறவில்தான் அது நிறைவு பெறுகிறது என்ற அதன் கவனிப்பு இன்றைக்கும் உண்மை. என் வாதம் இதிலிருந்து பிறக்கிறது: ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டதால் மட்டும் ஒன்று ‘சொல்லப்பட்டது’ ஆகாது. எதிரே நிற்பவருக்கு அது போய்ச் சேர்ந்தால்தான் சொன்னதாகக் கணக்கு.

தமிழின் ‘கேள்’ என்ற வினை இதற்கு நல்ல சான்று. காதால் கேட்பதும் கேள்வி கேட்பதும் சொன்னபடி நடப்பதும் நமக்கு ஒரே சொல். இந்தியில் காதால் கேட்கச் சொல்ல ‘சுனோ’, வினவச் சொல்ல ‘பூச்சோ’. தெலுங்கில் முன்னதற்கு ‘வினு’, பின்னதற்கு ‘அடுகு’. உருக்காலையில் புதிதாகச் சேர்ந்த ஒடிசா இளைஞரிடம் மேஸ்திரி ‘கேட்டியா?’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் சொன்னது காதில் விழுந்ததா, சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்தாயா, சொன்னபடி செய்தாயா: மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இளைஞர் தலையை ஆட்டுகிறார். எந்தக் கேள்விக்கு ஆட்டினார் என்று மேஸ்திரிக்கும் தெரியாது. மூடிய டப்பா, ஈரமான ஸ்கிராப் எதுவும் கொதிக்கும் உலோகத்தில் விழக்கூடாது, விழுந்தால் நீர் ஆவியாகி வெடிக்கும் என்பதுதான் சொல்லப்பட்ட செய்தி என்றால், அந்தத் தலையாட்டலை நம்பி ஷிப்ட் தொடங்குவது எவ்வளவு ஆபத்து!

நன்றாக மொழி தெரிந்தவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், அவசரம், ஒன்றோடொன்று மோதி அழிந்த ரேடியோ ஒலிகள் எனப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, விமானி சொன்ன வாக்கியத்தைக் கட்டுப்பாட்டு அறை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம் என்று அங்கே புரிந்தது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு, மேலெழும்புவதைக் குறிக்கும் சொல்லை உண்மையான அனுமதியின்போது மட்டுமே பயன்படுத்துவது என்ற ஒழுங்கு வந்தது. முக்கியமான உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்லிக்காட்டும் வழக்கமும் இறுகியது.

நம் சட்டம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின் 1987-இல் வந்த திருத்தம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் ‘பெரும்பான்மை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாலு மொழிக்காரர்கள் வேலை செய்யும் கூடத்தில் சிறுபான்மை மொழிக்காரரும் அதே உலைக்கு முன்னால்தான் நிற்கிறார்.

இதெல்லாம் மிகை, வேலை தானாகவே நடக்கிறதே என்று ஆலைக்காரர்கள் சொல்லக்கூடும். பாதி தமிழும் பாதி இந்தியும் கையசைவுமாக ஒரு கலப்புப் பேச்சு உருவாகி, அன்றாட வேலையைத் தாங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு பழகிய காரியங்களுக்குப் போதுமே தவிர, விபத்து பழகிய காரியமாக வருவதில்லை. படம் போட்ட பலகைகள் போதாதா என்றால், அவை அவசியம். ஆனால் பலகையிடம் சந்தேகம் கேட்க முடியாது. தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வந்தவர் தமிழ் கற்கட்டும் என்ற வாதம் இன்னும் வலுவானது. கற்கத்தான் வேண்டும், ஆலைகளே வேலை நேரத்தில் கற்பிக்கவும் வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போன நம் பிள்ளைகள் அரபு கற்க எத்தனை மாதம் ஆனது, அந்த மாதங்களில் அவர்களுக்கு யாராவது தமிழில் எடுத்துச் சொல்ல மாட்டார்களா என்று நாம் எவ்வளவு ஏங்கினோம் என்பதை நினைத்தால், இதற்கும் விடை கிடைக்கும். மொழி கற்கும்வரை உலை அணைந்து காத்திருக்காது.

ஆகவே, கும்மிடிப்பூண்டி ஆலை நிர்வாகங்களுக்கும் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு கோரிக்கை. பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். கேட்டதைத் தொழிலாளி தன் மொழியில் திருப்பிச் சொல்லட்டும், இரு மொழியும் அறிந்த சக தொழிலாளி ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். அந்தச் சக தொழிலாளிக்கு இதற்கென்று தனியாகக் கூலியும் கொடுங்கள்.