மழைக்கு முன்னாடி ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போயிட்டு வாங்க

இன்னைக்கு ஒரு ஓட்டையைப் பத்திப் பேசப்போறோம். உங்க மொட்டை மாடியில, கைப்பிடிச் சுவர் ஓரமா மழைத்தண்ணி இறங்குற ஓட்டை இருக்குமே, அதைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?

சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் மூணாவது வாரம் வாக்குல வரும். 2015 பெருவெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ரெண்டுமே டிசம்பர்ல. அதனால வேலைக்கு நேரம் இப்போதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி. 1,000 சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழைக்கு 9,300 லிட்டர், அதாவது ஒரு தண்ணி லாரி! அவ்வளவும் ரெண்டு மூணு பைப் வழியாத்தான் இறங்கணும். ஒண்ணு அடைச்சாலும் தண்ணி தேங்கும், தட்டோடு இடுக்கு வழியா ஊறி பெட்ரூம் சீலிங்ல வந்து நிக்கும். நாம என்னடான்னா உள்பக்கம் பெயிண்ட் மேல பெயிண்டா அடிச்சுட்டு இருப்போம்.

அடைக்கிறது என்ன? வேப்பிலை, தொட்டி மண், புறா எச்சம். அப்புறம் பட்டாசுக் குப்பை. தீபாவளி வர்றதே மழைக்காலத்துல, அதனால மறுநாள் காலையில இன்னொரு தடவை கூட்டித் தள்ளிடுங்க. பைப் இடுக்குல அரசங்கன்னு முளைச்சிருந்தா சும்மா ஒடிச்சு விடாதீங்க, திரும்பத் தழைக்கும். வேரோட எடுக்கணும்.

சுத்தம் பண்ணினதும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. கீழ ஒருத்தர் நின்னு பார்க்கட்டும். தண்ணி தயங்கித் தயங்கி வந்தா வளைவுல அடைப்பு இருக்கு, பிளம்பரைக் கூப்பிடுங்க. பைப்ல நல்லா இறங்கியும் மாடியில குட்டை நின்னா வாட்டம் சரியில்ல. அது கொத்தனார் வேலை. ஓட்டை மேல சல்லடை மூடி இல்லைன்னா வாங்கிப் போடுங்க, பெரிய செலவில்ல.

இப்போ முக்கியமான விஷயம். அந்தப் பைப் கீழ எங்க போய் முடியுது? மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகணும். தமிழ்நாட்டுல 2003லயே இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. ஆனா சில வீடுகள்ல கழிவுநீர்க் குழாய்ல சேர்த்து விட்டிருப்பாங்க. பெருமழையில அந்தக் குழாய் தாங்காது. உங்க மாடித் தண்ணி, தரைத்தள வீட்டு டாய்லெட் வழியா சாக்கடையோட மேல வரும். மேல் மாடியில இருக்குற உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

வாடகை வீடா? ஓனருக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மாடிச் சாவி யார்கிட்ட இருக்குன்னும் இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. புயல் அடிக்கும்போது, இடி மின்னல் நேரத்துல, யாரும் மேல ஏறவேண்டாம். சன்ஷேடுல இறங்கிக் குத்துற வேலை எப்பவுமே வேண்டாம்.

அப்படியே தண்ணித் தொட்டி மூடியையும் கயித்தால கட்டிட்டு வாங்க. முதல் காத்துல பறக்கிறது அதுதான்.