சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

காலைச் சபைகூடலில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து விழுந்தால், யாராவது ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். இரும்பைக் கையில் கொடுத்தால் இழுப்பு நின்றுவிடும் என்பது தமிழ் சினிமா கற்றுக்கொடுத்த வைத்தியம். அது பலித்த மாதிரித் தெரிவதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடிப் பிடித்துக் கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. பெயர் சாவிக்குப் போகிறது.

வலிப்பின்போது மூளை நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் மின் துடிப்புகளை வெளியிடுகின்றன. இரும்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாயில் தள்ளும் நுரை வெறும் எச்சில். வலிப்பு யாருக்கும் தொற்றாது.

ஆசிரியர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் மணி பார்க்க வேண்டும். மேசை நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, தலைக்குக் கீழே மடித்த துணி வைத்து, டையையும் காலர் பொத்தானையும் தளர்த்த வேண்டும். கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ விரலோ வைக்கவே கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது; ஆனால் கரண்டியால் பல் உடையும், விரல் கடிபடும். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். நன்றாகத் தெளியும்வரை தண்ணீர்கூட வேண்டாம். சிலருக்குச் சிறுநீர் பிரிந்துவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஒரு துணியைப் போர்த்திவிடுவதும் முதலுதவிதான். மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருமா என்பது பல நேரம் இதைப் பொறுத்தது.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் 999. முதல் தடவை வரும் வலிப்பு, தெளியுமுன் அடுத்தது, மூச்சுத் திணறல், பலத்த அடி என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். பெர்னாம் ஆற்றோரத்து ஹுத்தான் மெலிந்தாங்கில், அதுவும் செம்பனைக்குள் ஒதுங்கிய தோட்டப் பள்ளி என்றால், ஆம்புலன்ஸ் வந்து தெலுக் இந்தான் மருத்துவமனை போய்ச் சேர நேரம் பிடிக்கும். பதற்றத்தில் ஒரு நிமிடமும் பத்தாகத் தெரியும் என்பதால் கணக்கைக் கடிகாரத்திடம் விடுவதே நல்லது.

விழுந்து துடிக்கும் வலிப்பாவது எல்லார் கண்ணிலும் படும். எனக்குக் கவலை இன்னொரு வகையைப் பற்றித்தான். பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை பத்து விநாடி வெறித்துப் பார்க்கும், இமை படபடக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கும். ஒரே நாளில் இது பல முறை வரலாம். சொல்வதெழுதுதல் ஏட்டில் நடு வரியில் இரண்டு சொல் காணாமல் போயிருக்கும், முன்னும் பின்னும் ஒழுங்காக இருக்கும். நாமோ ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதிவிடுவோம். பராக்குப் பார்க்கும் பிள்ளை தோளைத் தட்டினால் திரும்பும். இது திரும்பாது.

இதை வீட்டைவிட வகுப்பறைதான் முதலில் பார்க்கிறது. மூளை அலைப் பதிவு சில நேரம் இயல்பாகவே வரும். அதனால் மருத்துவர் முதலில் கேட்பது, பார்த்தவர் யார் என்பதைத்தான். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம், கண் எங்கே போனது என்று ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது பெரிய உதவி. பெற்றோர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிவும் செய்யலாம், மருத்துவருக்கு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், முறையான சிகிச்சையால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரையை நாமாக நிறுத்துவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பை வரவழைக்கலாம். ஓட்டம், பந்து எதையும் தடுக்க வேண்டாம். நீச்சலின்போது மட்டும் ஒருவர் கூடவே நின்று கண் வைத்திருக்க வேண்டும். மருந்தின் பெயரும் பெற்றோர் எண்ணும் பள்ளி அலுவலகக் கோப்பில் இருந்தால், அடுத்த ஆண்டு மாற்றலாகி வரும் ஆசிரியருக்கும் அது கைகொடுக்கும்.