ஒரு மாணவர் வரைந்த எழுத்தும் ஒரு நாடு ஏற்ற குறியீடும்

வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர் ஒருவரிடம் அவருடைய படைப்பைக் காட்டச் சொன்னால், தயங்காமல் எடுத்து முன்வைப்பார். "இதை ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டால் சற்றுத் தடுமாறுவார். செய்கைக்கு அடிப்படையான உந்துதலைச் சொல்லில் வடிக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் குறைவு என்பதே அத்தடுமாற்றத்தின் காரணம். படைப்பின் அழகுக்கு மதிப்பெண் தருகிறோம். அதன் காரணத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். காரணத்தைக் கேட்டால் படைப்பே வேறாகத் தெரியும் என்பதை ஒரு மாணவரின் இரு படைப்புகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மாணவர் த. உதயகுமார். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் பிறந்த அவர், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழிலக வடிவமைப்பு மையத்தில் முதுநிலைக் கல்வியும் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொண்டார். இந்திய ரூபாய்க்கு இன்று வழங்கும் குறியீட்டை வடிவமைத்தவர் அவரே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், முதுநிலை மாணவராக இருந்தபோது, 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துருவையும் அவர் உருவாக்கியிருந்தார். உலகம் அறிந்தது பின்னதை. தமிழாசிரியர்கள் முதலில் அறிய வேண்டியது முன்னதை.

எழுத்துரு என்னும் பணி

தமிழ் எழுத்துகள் 247 என்று தொடக்கநிலையிலேயே கற்பிக்கிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எழுத்துரு வரைபவரின் கணக்கு வேறு. துணைக்கால் ஒன்றை வரைந்தால் அது பதினெட்டு மெய்களுக்கும் பொருந்தும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவ்வாறே. ஆகவே 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. ஆனால் உகர, ஊகார வரிசைகள் இந்த எளிமைக்குள் அடங்குவதில்லை. கு, சு, து ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒரே உகரம் மூன்று வெவ்வேறு வழிகளில் முடிகிறது. எனவே அவ்விரு வரிசைகளின் 36 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக வரைந்தாக வேண்டும். டி, டீ ஆகியவையும் தமக்கென ஒரு வடிவத்தைக் கோருகின்றன.

வரைந்தவை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றவும் வேண்டும். 'ட' இரு கோடுகளால் ஆனது. 'ஐ', 'ஞ', 'ணை' பல வளைவுகளும் சுழிகளும் நிறைந்தவை. இவற்றை ஒரே வரியில் அமைக்கும்போது ஒன்று வெளிறியும் மற்றொன்று கறுத்தும் தோன்றலாகாது. வளைவின் தடிப்பு, சுழியின் உள்வெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட இடம் ஆகிய யாவும் அளந்து தீர்மானிக்கப்படுபவை. வாசகர் இவ்வுழைப்பைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் படித்துச் செல்வதே அவ்வுழைப்பின் வெற்றி.

இப்பணியில் இறங்கும் மாணவர் தமிழ் எழுத்தின் வரலாற்றையும் கற்றாக வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில், நார் செல்லும் திசையில் நேர்க்கோடு இட்டால் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் துளை விழும். வளைவுகள் பெருகியதற்கும், சுவடிகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் விடுபட்டதற்கும் இதனையே காரணமாகக் கூறுவர். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது எழுத்து ஓலையிலிருந்து உலோகத்திற்கு மாறியது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசின் ஆணையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் நீங்கின. சிங்கப்பூரும் மலேசியாவும் அச்சீர்திருத்தத்தைப் பின்னர் ஏற்றன. இன்று ஒருவர் புதிதாக 'னை' வரையும்போது, ஓலை, உலோகம், அரசாணை, கணினித் திரை ஆகிய நான்கின் சுவடும் அவ்வோர் எழுத்தில் சேர்கின்றன.

முதுநிலை மாணவர் ஒருவருக்கு இத்தகைய உழைப்பை எவரும் கட்டளையிடுவதில்லை. அவர் தேர்ந்துகொள்ளக்கூடிய ஆய்வுப்பொருள்கள் பல. அவற்றுள் தாய்மொழியின் எழுத்தைத் தேர்வதில் ஒரு கேள்வி உள்ளுறைந்து நிற்கிறது. ஆங்கிலத்திற்குப் பாடநூலுக்கு ஒன்று, நாளிதழ்த் தலைப்புக்கு ஒன்று, குழந்தைகளின் கதைநூலுக்கு ஒன்று என எண்ணற்ற எழுத்துருக்கள் உள்ளன. அறிவியலையும் அழைப்பிதழையும் ஒரே முகத்துடன் பேச வேண்டிய நிலை தமிழுக்கு ஏன் இருக்க வேண்டும்? இது அகத்திலிருந்து எழும் உந்துதல்.

குறியீடு என்னும் விடை

இரண்டாவது படைப்பின் உந்துதல் புறத்திலிருந்து வந்தது. 2009ஆம் ஆண்டு இந்திய நிதி அமைச்சு, ரூபாய்க்கெனத் தனிக் குறியீடு வேண்டிப் பொதுமக்களிடையே போட்டி அறிவித்தது. அதுவரை ரூபாயைக் குறிக்க வழங்கிய ஆங்கிலச் சுருக்கம், ரூபாய் என்னும் பெயரிலேயே நாணயம் வழங்கும் அண்டை நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது. நாட்டின் பண்பாட்டைக் குறியீடு உணர்த்த வேண்டும். கணினி விசைப்பலகையிலும் பொருந்த வேண்டும். மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து வடிவங்கள் இறுதிச் சுற்றை எட்டின. 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்தை இந்திய அமைச்சரவை ஏற்றது. அப்போது அவர் முனைவர் பட்ட ஆய்வின் நிறைவில் இருந்தார்.

தேவநாகரி 'ர' எழுத்தும், நிலைக்கோடு நீங்கிய ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றாய் இணைந்த வடிவம் அது. மேலே இரு கிடைக்கோடுகள். அவற்றுக்கிடையே வெண்ணிற வெளி. அவ்வமைப்பு மூவண்ணக் கொடியை நினைவூட்டும். அவ்விரு கோடுகளும் சமக்குறியை ஒத்தவை. மேற்கோடு தேவநாகரி எழுத்தின் தலைக்கோடாகவும் நிற்கிறது. சில கீற்றுகளில் பல பொருள்கள் அடங்கின. கையால் விரைந்து எழுதவும் எளிது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறித் தரத்தின் ஆறாம் பதிப்பில் அது இடம்பெற்றது. 2011இல் நாணயங்களிலும், 2012இல் பணத்தாள்களிலும் அது பதிந்தது.

இவ்விடத்தில் மாணவர் எவரேனும், "தமிழர் வரைந்த குறியீட்டில் தமிழ் எழுத்து இல்லையே?" என்று கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடு இல்லை என்பதும் உண்மை. 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தன் வரவுசெலவுத் திட்ட இலச்சினையில் 'ரூ' என்னும் எழுத்தைப் பயன்படுத்தியபோது இது பலராலும் பேசப்பட்டது. அந்த விவாதத்துக்குள் நாம் புக வேண்டியதில்லை. வடிவமைப்பு மாணவர் அறிய வேண்டிய பாடம் ஒன்று அதில் உண்டு. பலருக்குப் பொதுவாகும் எந்தக் குறியீடும் சிலவற்றை ஏற்று, சிலவற்றை விடுத்தே உருவாகிறது. எதை விட்டோம் என்று அறியாமல் விடுவது குறை. அறிந்து விடுவது முடிவு. அம்முடிவுக்கு வடிவமைப்பாளர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு சுழியையும் அறிந்த ஒருவரே பொதுக் குறியீட்டையும் வரைந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. தன் எழுத்தை நுணுகிக் கற்றவருக்குப் பிறர் எழுத்தின் இயல்பும் எளிதில் புலப்படும்.

நம் சூழலில்

இவ்வட்டாரத்திலும் அகத்தேவையை உணர்ந்து செயல்பட்ட முன்னோடிகள் உண்டு. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும் உருவாக்கினர். தமிழும் கணினியும் பற்றிய அனைத்துலக மாநாடு 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்றதும் இம்முயற்சிகளின் தொடர்ச்சியே.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. நான்கு மொழிகளில் அமைந்த அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் இரண்டே எழுத்துகளில் முடியும் செய்தி, தமிழில் 'வெளியே செல்லும் வழி' என நீள்கிறது. இடம் போதாதபோது தமிழ் எழுத்தே சிறுக்கிறது. சில சுவரொட்டிகளில் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு இடம் மாறிக் கிடப்பதையும் காண்கிறோம். ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னும் சேமிக்கப்படும். திரையில் தோன்றும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னே நகர்த்த வேண்டும். இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாத மென்பொருள் அதைச் செய்வதில்லை. தமிழறியாத வடிவமைப்பாளருக்குப் பிழை தெரியாது. தமிழறிந்தவருக்கோ மென்பொருளின் இயல்பு தெரியாது. இவ்விரண்டையும் அறிந்த ஒரு மாணவர் வகுப்பில் இருந்தால், அப்பிழை அச்சேறுமுன்பே நின்றுவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். 'வருக' என்னும் சொல்லை மருத்துவமனை, பாலர்பள்ளி, நூலகம் ஆகிய மூன்றின் வாயிலுக்கும் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். வரைந்தபின், ஒவ்வொரு வடிவத்திற்கும் காரணத்தை மூன்று வரிகளில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'ரு' ஏன் இவ்வளவு பெரிதாக வளைந்தது, 'வ' ஏன் தடித்தது என்பதற்கு விடை தேடும் மாணவர், எழுத்தை முதன்முறையாகக் கூர்ந்து நோக்குகிறார். மொழிப்பாடமும் கலைப்பாடமும் அங்கே ஒன்றாகின்றன.

உதயகுமாரின் குறியீட்டுக்குப் பரிசும் புகழும் கிடைத்தன. அவருடைய மாணவப்பருவ எழுத்துருவுக்கு அத்தகைய ஆரவாரம் இல்லை. ஆனால் எவரும் கேளாமலே தன் மொழிக்காகச் செய்த பணி, நாடே கேட்ட பணிக்கு அவருடைய கையையும் கண்ணையும் பழக்கியது எனக் கருத இடமுண்டு. நம் மாணவர் தம் ஏட்டின் ஓரத்தில் ஓர் எழுத்தை விதவிதமாக வரைந்துகொண்டிருப்பதை அடுத்த முறை காணும்போது, அதைக் கவனச் சிதறல் என்று கடிந்துகொள்வதற்கு முன், "ஏன் இப்படி வரைந்தாய்?" என்று ஒருமுறை கேட்போம்.