நாம பார்த்த கல்லு இந்த நெறமா?

எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி அகலத்தில் ஒரு படம் தொங்கியது. கம்போடியாவின் அங்கோர் வாட் ஆலயம், சூரியன் எழும் வேளை. வானம் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கொதிக்கும். ஐந்து கோபுரங்களிலும் கல் கல்லாக எண்ணிவிடலாம். எடுத்தவன் நான். வருகிறவர்கள் எல்லாரும் "என்ன கேமரா?" என்று கேட்பார்கள். அந்தப் பயணத்தில் என்னுடன் வந்திருந்த அப்பா மட்டும் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா நாம பார்த்த கல்லு இந்த நெறமா இருந்துச்சு?"

இல்லை. அங்கோர் வாட்டின் மணற்கல் சாம்பல் நிறம்; பாசி படிந்த இடங்களில் கறுப்பு. காலை வெயில் பட்டால் சற்று நேரம் தேன் நிறம் காட்டும். என் படத்தில் இருந்த செப்பு நிறம் கணினியில் நான் ஏற்றியது.

அங்கே எச்டிஆர் முறை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஆலயத்தின் திசையே காரணம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய இந்த ஆலயம் மேற்கு நோக்கி நிற்கிறது. வாசல் பக்கம் நின்று பார்த்தால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். வானத்துக்கு அளவு வைத்து எடுத்தால் ஆலயம் வெறும் கருநிழல்; ஆலயத்துக்கு அளவு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவால் ஒரே படத்தில் அது முடிவதில்லை.

எச்டிஆர் செய்வது எளிய வேலைதான். ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதிகளை ஒன்றாக்குவது. இது கணினி தந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார்.

முதல் பயணத்தில் எடுத்த முறையில் நான் பெரிதாகத் தவறவில்லை. முக்காலியில் கேமரா. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8. இரண்டையும் மாற்றக்கூடாது, ஷட்டர் வேகம் மட்டுமே மாற வேண்டும். நடுப்படம் 1/60 விநாடி என்றால், வானத்துக்கு 1/250, கல்லுக்கு 1/15. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்ச வேறுபாடு. சூரியன் சட்டத்துக்குள் வந்துவிட்டால் ஐந்து படம் எடுப்பது நல்லது. கைபட்டு ஆடாமல் இருக்க இரண்டு விநாடி டைமர். எல்லாம் ரா கோப்பாக.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேர் எதிரே நின்றால் மூன்று கோபுரங்கள்தான் தெரியும். இடப்பக்கக் குளக்கரைக்குப் போனால் ஐந்தும் தெரியும், நீரில் தலைகீழாக இன்னொரு ஐந்தும். ஆகவே கூட்டம் முழுதும் அங்கேதான். ஆலயத்தைக் காலை 5 மணிக்குத் திறக்கிறார்கள். கம்போடிய நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் நம் உடம்புக்கு அது 6 மணி. தூக்கம் கெட்டது என்று யாரும் புலம்ப முடியாது.

தவறு வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. படங்களை இணைத்ததும் நிறம், தெளிவு என்று இருந்த கோலையெல்லாம் வலது ஓரத்துக்குத் தள்ளினேன். கோபுர விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் தோன்றியது. அதை அழகு என்று நினைத்தேன். அளவு மீறிவிட்டது என்பதற்கு முதல் அடையாளமே அந்த வட்டம்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று. குளக்கரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூன்று படங்களுக்கு இடையில் அவர் அசைந்ததால், இணைத்த படத்தில் ஆவிபோல மூன்று மங்கல் உருவம். அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்துவிட்டேன். பிறகு கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் படங்களையும் நீக்கினேன். லைட்ரூம் போன்ற மென்பொருளில் இந்த ஆவியை நீக்க ஒரு தெரிவு உண்டு. அசைந்த பகுதிக்கு மட்டும் ஒரே படத்தை எடுத்துக்கொள்ளும். அதைச் சொடுக்கியிருந்தால் அப்பா அங்கேயே இருந்திருப்பார். அப்பா கேள்வி கேட்ட அன்று மூலத்தைத் தேடினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த முறை தனியாகத்தான் போனேன். அப்பாவின் முழங்கால் இனி அந்தப் படிகளுக்கு ஒத்துவராது. ஒரு நாள் சீட்டு 37 அமெரிக்க டாலர், மூன்று நாள் சீட்டு 62. மூன்று நாளே வாங்கினேன். முதல் காலை மழை மேகத்தில் போய்விட்டது.

அன்று கிழக்குத் தாழ்வாரத்தில் பாற்கடல் கடையும் சிற்பத் தொகுதியைப் பார்த்தேன். ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். பழக்கதோஷத்தில் அங்கும் மூன்று படம் எடுத்து இணைத்துப் பார்த்தேன். சிற்பம் தட்டையாகிவிட்டது. மெல்லியதாகச் செதுக்கிய உருவத்தை நமக்குக் காட்டுவதே நிழல்தான். நிழலைத் துடைத்தால் அசுரரும் தேவரும் சுவரில் ஒட்டிய காகிதம்போல் ஆகிவிடுகிறார்கள். அங்கே பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் போதும். ஆனால் இருண்ட உள்ளறையிலிருந்து வெயில் அடிக்கும் முற்றத்தைப் பார்க்கும் இடங்களில் எச்டிஆர் இல்லாமல் முடியாது.

திறன்பேசி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்றைய பேசிகள் சொல்லாமலே பல படம் எடுத்து இணைத்துவிடுகின்றன. திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே கீழே இழுத்துவிட்டு எடுங்கள். பிற்பாடு நிழலைக் கொஞ்சம் ஏற்றலாம். வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியில்லை.

மூன்றாம் நாள் வானம் திறந்தது. இந்த முறை வீட்டில் கோல்களைப் பாதிக்கு மேல் தள்ளவில்லை. கோபுர அடிவாரத்தை இருட்டாகவே விட்டேன். அன்று கண்ணுக்கும் அப்படித்தான் இருந்தது. மூலப் படங்கள் இப்போது இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன.

பழைய படம் இறங்கி, இது சுவரில் ஏறிவிட்டது. குளக்கரை ஓரமாக யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கருநிழலாக. அழிக்கவில்லை. வருகிறவர்களிடம் அது தான்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுப்பதில்லை.