தண்ணீர் வராத குழாய்

ஒரு வீட்டில் பழைய குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். சுவரோரம் ஒரு குழாய் மொட்டை மாடிக்கு மேலே வரை போயிற்று. "இதில் தண்ணீரே வருவதில்லை, வீண்தானே?" என்று அதை அறுத்து மூடிவிட்டார்கள்.

தரையில் புது ஓடு பளபளத்தது. ஆனால் ஒரே வாரத்தில் சாக்கடை நாற்றம் வீசியது. பினாயில் ஊற்றியும் போகவில்லை. வீட்டம்மா பிளம்பரைக் கூப்பிட்டார்.

"எல்லாம் புதுசு அண்ணே. ஏன் நாறுகிறது?"

பிளம்பர் பக்கத்துக் கக்கூசில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். குளியலறைத் தரை ஓட்டையில் 'களக், களக்' என்று சத்தம் கேட்டது.

"காற்றுக் குழாயை அடைத்துவிட்டீர்களா அம்மா?" என்று கேட்டார்.

காற்று எதற்கு?

குளியலறைத் தரை ஓட்டைக்குக் கீழே வளைவான ஓர் அமைப்பு உண்டு. அதை ட்ராப் என்பார்கள். அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர் 50 மில்லிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். அதாவது சுமார் மூன்று விரல் அகலம். அந்தத் தண்ணீரே மூடி. செப்டிக் டேங்கின் கெட்ட காற்றை அது மேலே வர விடாது.

எண்ணெய் டின்னை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டு வரும். இன்னொரு ஓட்டையும் போட்டால் சீராக வரும். அதன் வழியே காற்று உள்ளே போகிறது.

கழிவுக் குழாயும் அப்படித்தான். வேகமாக ஓடும் தண்ணீர் குழாயில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்றை ஈடுசெய்ய மாடிக் குழாய் வழியே வெளிக்காற்று வர வேண்டும். அது அடைபட்டால் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் இழுபட்டுப் போய்விடும். மூடி போனால் நாற்றம் வரும்.

இது வெறும் நாற்றம் அல்ல. அழுகிய முட்டை போல் நாறும் அந்த வாயு விஷம். தலைவலியும் கண் எரிச்சலும் உண்டாகும். அதோடு வரும் மீத்தேன் வாயு தீப்பிடிக்கும்.

கட்டும்போது கவனியுங்கள்

1. காற்றுக் குழாயை அறுக்காதீர்கள், அடைக்காதீர்கள்.
2. அதன் வாய் மாடிக்கு மேலே, சன்னலுக்குத் தள்ளி இருக்கட்டும்.
3. வாயில் கொசுவலை கட்டுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்கில் கொசு பெருகும்.
4. ஊருக்குப் போய்த் திரும்பினால் தரை ஓட்டையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ட்ராப்பில் உள்ள தண்ணீர் வற்றியிருக்கலாம்.

அந்த வீட்டில் குழாயை மறுபடி பொருத்தினார்கள். நாற்றம் நின்றது. ஆனால் புதுச் சுவரை ஒருமுறை உடைக்க வேண்டியதாயிற்று.