ஹோமரும் ஷேக்ஸ்பியரும் ஒரே வகுப்பில்

பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்களில் பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகத்தையும் ஆங்கில இலக்கியத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். என் பேத்தி அதற்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, "இது சோறு போடுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். டிப்ளமா படித்து, ரயில்வே பாலங்களைப் பார்த்தே காலம் கழித்தவன் வேறு என்ன கேட்பேன்!

அவள் கோபிக்கவில்லை, விளக்கினாள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கு ஆதாரம், புளூட்டார்க் கிரேக்கத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறுகள். அவற்றை 1579-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் தந்தார். அதுவும் பிரெஞ்சு வழியாக! கிரேக்கம் அறியாத கீட்ஸ், சாப்மன் மொழிபெயர்த்த ஹோமரைப் படித்து வியந்து 1816-இல் ஒரு கவிதையே எழுதினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட 'யுலிஸீஸ்' நாவல், ஒடிஸியின் பத்தாண்டுப் பயணத்தை டப்ளின் நகரின் ஒரு நாளுக்குள் அடக்கியது. மூலக்கதை தெரிந்தால்தானே, பின்னால் வந்தவர் எதை எடுத்தார், எதை மாற்றினார் என்பது புரியும்?

இந்த நாகரிகப் பாடத்தில் பழைய நூல்களைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே படிக்கிறார்களாம்.

"மூலமொழி தெரியாமல் அது என்ன படிப்பு?" என்றேன்.

"தாத்தா, வால்மீகியை நீங்கள் சமஸ்கிருதத்திலா படித்தீர்கள்?"

வாயடைத்துப் போனேன். நான் படித்தது ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்'.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை என்று அவளைப் பலமுறை கடிந்திருக்கிறேன். "அப்படியானால் கம்பனை நான் ஆங்கிலத்தில் படிக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு: அவள் பொருளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், பாட்டை நான் தமிழில் வாசிப்பேன், அவள் கேட்க வேண்டும்.

ஞாயிறுதோறும் நடக்கிறது. போன வாரம் ஒரு பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.